சந்தேகப்பட்ட பெடியனுக்கு வேலை போனது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கொழும்புப் புறக்கோட்டையில் 23 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். முதலில் பேரேட்டுப் புத்தகத்தில் எழுதினேன், அப்புறம் கணினி வந்தது, இப்போது பாதி வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. இணையத் திருட்டு பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். ஓ.டி.பி. இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று எழுதுகிறீர்கள். தேவையான செய்திதான், ஆனால் அது தனி ஆளுக்குச் சொல்லும் புத்தி. பத்துப் பேரோ ஐந்நூறு பேரோ சேர்ந்து வேலை செய்யும் ஒரு இடம் இந்த ஆபத்தை எப்படி யோசிக்க வேண்டும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் முன்பு ஒரு இறக்குமதிக் கம்பனியில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். இந்தியாவிலிருந்து செத்தல் மிளகாய், மல்லி, பருப்பு எடுப்பார்கள். பல வருடமாக ஒரே ஆளிடம்தான் சரக்கு. அவர்கள் ஈமெயிலில் இன்வொய்ஸ் அனுப்புவார்கள், நாங்கள் வங்கிக்குப் போய் டீ.டீ. போடுவோம், அதாவது வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோம், அவர்கள் பத்திரங்களை விடுவார்கள், சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுப்போம். ஒரு நாள் அதே ஈமெயில் தொடரில், நாங்கள் முன்பு எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் கீழே அப்படியே இருக்க, மேலே புதிதாக ஒன்று வந்தது. எங்கள் வங்கிக் கணக்கில் ஓடிட் நடக்கிறது, இந்தத் தடவை மட்டும் பணத்தை இந்த வேறு கணக்குக்குப் போடுங்கள் என்று. இன்வொய்ஸ் இலக்கம் சரி, தொகை சரி, அவர்கள் வழக்கமாக எழுதும் முறைகூடச் சரி. கணக்கு மட்டும் வேறொரு நாட்டில் இருந்தது.

அந்த வேலையைப் பார்த்தது ஒரு சின்னப் பெடியன், 24 வயது இருக்கும். அவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "அக்கா, இது சரியா இருக்குமா? அவங்கட காசு ஏன் அந்த நாட்டுக்குப் போகுது?" என்று கேட்டான். கொள்கலன் துறைமுகத்தில் நின்றது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது, முதலாளி காலையிலிருந்து மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார். அதற்கு முந்திய மாதம் இதே பெடியன் வேறொரு கொடுப்பனவில் சந்தேகம் வந்து முதலாளிக்குக் கோல் எடுத்து, ஆட்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது தொந்தரவு செய்கிறாய் என்று எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் சொன்னேன்: "முதலாளி அவசரப்படுறார், நீ அனுப்பு தம்பி."

அனுப்பினான். மூன்றாம் நாள் இந்தியாவிலிருந்து அந்த வியாபாரி கோல் எடுத்து, காசு இன்னும் வரவில்லையே என்றார். அப்போதுதான் எல்லோரும் அந்த ஈமெயில் முகவரியைக் கூர்ந்து பார்த்தோம். ஆங்கிலத்தில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்து ஒட்டி இருந்தது. சின்ன எழுத்தில் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 'எம்' மாதிரியே தெரியும், வேண்டுமானால் ஒரு தரம் டைப் செய்து பாருங்கள். வங்கிக்கு ஓடினோம். பணம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தும் எடுத்தாகிவிட்டது என்றார்கள். ஒரு கொள்கலன் சரக்கின் முழு விலை.

அந்த மாதக் கடைசியில் பெடியனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த அலுவலகத்தில் சந்தேகப்பட்டது அவன் ஒருவன்தான். ஏசியவரும் அவசரப்படுத்தியவரும் அங்கேயே இருந்தார்கள், "அனுப்பு" என்று சொன்ன நானும் இருந்தேன். இத்தனை வருடம் கழிந்தும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு கம்பனி என்ன செய்தது என்று கேட்டால், விலை கூடிய வைரஸ் கார்ட் ஒன்று, அதாவது வைரஸைத் தடுக்கும் மென்பொருள், வாங்கி எல்லாக் கணினியிலும் போட்டது. இந்தத் திருட்டில் எங்கள் கணினிகளில் ஒரு வைரஸும் இருக்கவில்லை. திருடர்கள் புகுந்திருந்தது சரக்கு அனுப்பும் வியாபாரியின் ஈமெயிலுக்குள். உள்ளே இருந்து பல கிழமைகளாக எங்கள் கடிதங்களைப் படித்து, எப்போது பெரிய தொகை போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எந்த வைரஸ் கார்டும் இதைப் பிடித்திருக்காது. ஒரு பெடியன் பயமில்லாமல் இந்தியாவுக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே ஈமெயில் கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். பெடியனை நிறுத்திய பிறகும் ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அவன் நல்ல பிள்ளை, ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு காசு போட்டு வைரஸ் கார்ட் வாங்கிய இடத்துக்கு, நிறுத்திய ஆளின் கையில் இன்னும் நம் சாவி இருக்கிறதே என்று தோன்றவில்லை.

இது சின்னக் கடைகளின் கதை, பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்கு, 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். அதில் நம் கொழும்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்த வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க் ஃபெடரல் ரிசேர்வ் வங்கியில் இருந்த பங்களாதேஷின் பணத்தில் கிட்டத்தட்ட 951 மில்லியன் டொலரை எடுக்க, வங்கிகள் ஒன்றுக்கொன்று பணக் கட்டளை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக 35 கட்டளைகளை அனுப்பினார்கள். வியாழக்கிழமை இரவு பார்த்து அனுப்பினார்கள், ஏனென்றால் டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அதற்குப் பிறகு நியூயோர்க்கில் சனி ஞாயிறு, திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரையும் வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். வங்கியில் இருந்தவர்கள் வழக்கமான பிரிண்டர் கோளாறு என்று நினைத்தார்கள். எந்த அலுவலகத்தில்தான் பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது, நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

பெரும்பாலான கட்டளைகள் நியூயோர்க்கிலேயே நின்றுவிட்டன. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய், அதில் பெரும்பகுதி கசினோக்கள் வழியாக மறைந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு, ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக 'ஃபண்டேஷன்' என்று அடித்திருந்தார்கள். இடையில் இருந்த டொய்ச் வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. கொழும்பில் பணம் வந்த வங்கியிலும், இலங்கைக்கு இவ்வளவு பெரிய தொகை ஒரே தடவையில் ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறார்கள். அந்த 20 மில்லியனும் திரும்பிப் போனது.

எங்களிடமிருந்து போன காசையும் திரும்பிப் போன அந்த 20 மில்லியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிகிறது. அங்கே யாரோ ஒருவர் "பொறுங்கள், இதைக் கேட்டுவிட்டு அனுப்பலாம்" என்று சொன்னார், அதைச் சொல்ல அவருக்கு இடம் இருந்தது. எங்கள் பெடியனுக்கு அந்த இடம் இருக்கவில்லை. ஒரு கம்பனி தன் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது, எந்த மென்பொருளை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், எங்கள் இடத்தில் சம்பளம் குறைந்த ஆள் ஒரு பெரிய கொடுப்பனவை நிறுத்த முடியுமா, நிறுத்தினால் அவருக்கு என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். நான் எழுத வந்த விஷயம் இதுதான்.

இப்போது இது முன்னைவிட அவசரமாகிவிட்டது. எழுத்துப்பிழையைப் பார், ஆங்கிலம் கோணலாக இருக்கிறதா என்று பார் என்றுதான் எங்களுக்கு இவ்வளவு காலமும் சொல்லித் தந்தார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்த அறிவுரைக்குப் பெறுமதி இல்லாமல் போகிறது. திருடனுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, தமிழும் சிங்களமும் தெரிய வேண்டியதில்லை, பிழையில்லாமல் எழுதித் தர இயந்திரம் இருக்கிறது. போன வருடம் எனக்கே ஒரு போலிச் செய்தி தமிழில் வந்தது, சந்திகூடச் சரியாக விழுந்திருந்தது.

எழுத்து மட்டும் என்றாலும் பரவாயில்லை. 2024 தொடக்கத்தில் ஹொங்கொங்கில் இருந்து ஒரு செய்தி வந்தது, அரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் கிளையில் நடந்தது. நிதித்துறைத் தலைவர் அனுப்பியது போல ஒரு ஈமெயில், இரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று. அதைப் பார்த்த ஊழியருக்கு முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. பிறகு வீடியோக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் திரையில் நிதித்துறைத் தலைவர் இருக்கிறார், தெரிந்த மற்ற முகங்களும் இருக்கின்றன, சந்தேகம் போய்விட்டது. 15 தடவையாக 200 மில்லியன் ஹொங்கொங் டொலர் அனுப்பினார், அமெரிக்க டொலரில் சுமார் 25 மில்லியன். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் கணினி செய்த பொய் உருவங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெடியன்தான் ஞாபகம் வந்தான். அந்த ஊழியருக்கும் சந்தேகம் முதலிலேயே வந்தது, பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். நம் ஆட்களுக்கு இது இன்னும் கஷ்டம். முதலாளி நேரே கதைக்கும்போது, "நீங்கள் உண்மையில் முதலாளிதானா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் ஐயா" என்று சொல்ல எந்தக் கிளார்க்கால் முடியும்? நம் முதலாளிமார் எல்லோரும் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட் போடுகிறார்கள், ஊருக்கே அவர்கள் குரல் தெரியும், ஒருவருடைய குரலைப் போலச் செய்ய இப்போது சில நிமிடப் பேச்சு, சில வேளை சில வினாடிப் பேச்சே போதும். ஆகவே முதலாளிகளே முன்கூட்டி, எல்லார் முன்னாலும், வாயால் சொல்லிவைக்க வேண்டும்: என் குரலில் வந்தாலும் சரி, என் முகத்தோடு வந்தாலும் சரி, காசு விஷயம் என்றால் என் பழைய இலக்கத்துக்கு நீங்களாகக் கோல் எடுத்துக் கேளுங்கள், நான் ஏசமாட்டேன். அப்புறம் உண்மையிலேயே ஏசாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு தரம் ஏசினால் அந்த விதி அன்றோடு செத்துவிடும், நான் கண்ணால் கண்டது.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இதைச் செய்து பார்த்தோம். யாருடைய வங்கிக் கணக்காவது மாறுகிறது என்று செய்தி வந்தால், அன்றைக்குக் காசு போகாது. அந்தச் செய்தியில் இருக்கும் இலக்கத்துக்குக் கோல் எடுக்கக் கூடாது, எங்களிடம் பழைய விசிட்டிங் கார்ட் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதிலுள்ள இலக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் அவசரப்படுத்துகிறவராக இருக்கக் கூடாது. சண்டை வரத்தான் செய்தது. ஒரு தடவை ஒரு உண்மையான கொடுப்பனவு ஒரு நாள் பிந்தி, சரக்கு அனுப்பியவர் கோபித்துக்கொண்டார். விளக்கிச் சொன்னதும், தனக்கும் இப்படி ஒரு போலிக் கடிதம் வந்தது என்று அவரே சொன்னார்.

ஈமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு இலக்கம் கேட்கும் இரண்டாவது பூட்டுப் போடுவது, ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு வைப்பது, போகிறவரின் கணக்கை அன்றைக்கே மூடுவது, இவை எல்லோரும் சொல்வதுதான், செலவும் இல்லை. 2021இல் அமெரிக்காவில் கொலோனியல் என்ற எண்ணெய்க் குழாய்க் கம்பனி பல நாள் ஓடாமல் நின்றதே, அதற்குள் புகுந்தது யாரும் பாவிக்காத ஒரு பழைய கணக்கு வழியாக, அதில் இரண்டாவது பூட்டு இருக்கவில்லை.

அடுத்தது பிரதிகள், அதாவது கணினியில் இருக்கும் கோப்புகளை இன்னொரு இடத்திலும் எடுத்து வைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டு அரசாங்கமே இதில் அடிபட்டது. 2023 ஓகஸ்ட்டில் அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருக்கும் லங்கா அரசாங்க கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது, அதாவது கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்பது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான பழைய மென்பொருள், புதுப்பிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் காசில்லாமல் தள்ளிப்போனது என்று சொன்னார்கள். அந்த வருடங்களில் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும், எரிபொருள் வரிசையில் நின்ற நாட்டில் மென்பொருளைப் புதுப்பிக்கக் காசு கேட்டு யாரிடம் போவது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் மீட்கக்கூடிய பிரதி இல்லாமல் விட்டதற்கு அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைகளில் என்ன நடக்கிறது? பிரதி எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் ஒரு ஹார்ட் டிஸ்க் வருடம் முழுக்க அதே கணினியில் குத்தியபடி இருக்கும். கணினியைப் பூட்டும் திருடன் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான். மேர்ஸ்க் கப்பல் கம்பனியின் கதை இதற்கு நல்ல உதாரணம், அவர்களின் கொள்கலன்களைக் கொழும்புத் துறைமுகத்தில் பார்க்காதவர் இல்லை. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், உக்ரேனில் கம்பனிகள் வரிக் கணக்குக்குப் பாவிக்கும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவி, மேர்ஸ்க்கின் வலையமைப்பு முழுவதையும் அழித்தது. அந்த வலையமைப்புக்குள் யார் யார் வரலாம் என்ற பதிவேட்டைத் தாங்கிய சேர்வர்கள் உலகம் முழுக்க நூற்றுக்கு மேல் இருந்தன, ஒன்று பாக்கியில்லாமல் போனது என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் கானா நாட்டுக் கிளையில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. காரணம், தாக்குதல் நடந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை, அதனால் அந்த ஒரு சேர்வர் வலையமைப்போடு சேராமல் நின்றது. அதை வைத்துத்தான் மீண்டார்கள், பத்து நாளில் 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் திரும்பப் போட்டார்கள். நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் வரை. கரண்ட் வெட்டு நமக்குத் தெரியாத விஷயமா, 2022இல் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். பிரதி வைத்த டிஸ்க் அந்தக் கானாச் சேர்வர் போலக் கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் வாங்கி மாறி மாறி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள், மாதத்துக்கு ஒரு தரம் அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்த உக்ரேன் மென்பொருள் விஷயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நம் கடைகளில் கணக்கு மென்பொருள் போட்டுத் தருகிற தம்பிமார் இருக்கிறார்கள், ஒருவரே இருபது முப்பது கடைக்குப் பார்ப்பார். ஏதாவது கோளாறு என்றால் வீட்டிலிருந்தே நம் கணினிக்குள் வந்து பார்க்க வசதியாக எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருப்பார், பல இடங்களில் எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்ட். அவருடைய லாப்டொப்பில் ஒருவன் புகுந்தால் இருபது கடையும் திறந்துவிடும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, எங்களுக்குப் பார்க்கிற தம்பி நடு இரவிலும் வந்து உதவியிருக்கிறார். ஆனால் அந்தக் கதவை வேலை இருக்கும்போது திறந்து, முடிந்ததும் மூட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. இங்கிலாந்தில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரலில் அடிபட்டதும் வெளியார் ஒருவர் ஊடாகத்தான், ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றி உள்ளே போனார்கள் என்று அதன் தலைவரே சொன்னார். சுமார் 300 மில்லியன் பவுண்ட் இலாபம் போகும் என்று கணக்குச் சொன்னார்கள், ஆறு கிழமைக்கு மேல் இணையத்தில் விற்பனை நின்றது. அந்தக் கடைகளில் தொங்கும் உடுப்புகளில் நம் நாட்டுப் பிள்ளைகள் தைத்ததும் இருக்கிறது. எங்கோ ஒருவரை ஏமாற்றினால் எங்கோ ஒருவரின் ஓர்டர் நிற்கும்.

மலிவுக்கு வாங்கும் கிராக் மென்பொருள், அதாவது உரிமம் இல்லாமல் பூட்டை உடைத்த மென்பொருள், பற்றியும் ஒரு வார்த்தை. அதை உடைத்துத் தருகிறவன் சும்மா தருவதில்லை. உலாவியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் களவு மென்பொருள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. அதே போல, வாடிக்கையாளர் பட்டியலையும் சம்பள விபரத்தையும் இலவச ஏ.ஐ. செயலியில் ஒட்டி "இதைச் சுருக்கித் தா" என்று கேட்கும் பழக்கம் இளம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது, ஏசாமல் விளக்கிச் சொல்ல வேண்டும். குவாண்டம் கணினி வந்தால் இன்றைய பூட்டுகள் எல்லாம் உடையும் என்கிறார்கள், 2024 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அதற்கான புதிய குறியாக்கத் தரங்களையும் வெளியிட்டுவிட்டது. வங்கிகளும் அரசாங்கமும் இப்போதே அந்த வேலையைத் தொடங்கட்டும். நம் கடைகளுக்கு அதைவிட முந்திய வேலை நிறைய இருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது ஒளிப்பதுதான். எங்களுக்கு நடந்ததை முதலாளி வெளியில் சொல்லவே கூடாது என்று தடுத்தார். வங்கி கடன் எல்லையைக் குறைத்துவிடும், சரக்குக் கொடுக்கிறவர்கள் கைக்காசு கேட்பார்கள் என்று பயம். அந்தப் பயம் பொய்யான பயம் இல்லை, வியாபாரத்தில் பெயர்தான் முதல். ஆனால் நாங்கள் வாயை மூடிய அதே காலத்தில், நான்கு கடை தள்ளி இருந்த இன்னொரு கம்பனிக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்து அவர்களும் காசு அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிய வந்தது இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களாவது தப்பியிருப்பார்கள். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கள்ள நோட்டு வந்தால் அரை மணித்தியாலத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், யாரும் அதை வெட்கமாக நினைப்பதில்லை. கள்ள ஈமெயிலுக்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அதை முழுமையாக நடைமுறைப்படுத்துவது தள்ளித் தள்ளிப் போனது. முறைப்பாடு செய்ய, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. காசு போனால் முதல் கோல் வங்கிக்கு, அதுவும் அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே. பிறகு 101, பொலிஸ். நாங்கள் மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். பெடியன் அன்று பின்னேரமே மனதில் உறுத்துகிறது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பணத்தை மறித்திருக்கலாம். அவனுக்கு உறுத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னான். சொன்னால் வேலை போகும் என்று பயந்து இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறான். பிழையைச் சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் யாரும் பிழையைச் சொல்லமாட்டார்கள், அந்த இரண்டு நாளில் காசு மூன்று நாடு தாண்டிவிடும்.

ஆகவே உங்கள் பத்திரிகையிடமும் புறக்கோட்டை வர்த்தக சங்கங்களிடமும் என் வேண்டுகோள் இது. வங்கிகளும் மற்ற இடங்களும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அவற்றைக் கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் பொருந்தும் மாதிரித் தமிழில் கிழமைக்கு ஒரு தரம் போடுங்கள். யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பெயர் போடாமல் அந்தக் கடிதம் எப்படி இருந்தது என்பதை மட்டுமாவது எழுதச் சொல்லி ஒரு இடம் ஒதுக்குங்கள், முதலில் எழுதுகிறவள் நானாகவே இருக்கிறேன், அந்தக் கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. சங்கங்கள் ஒரு கூட்டம் வைத்தால் முதலாளிமாரை மட்டும் கூப்பிடாதீர்கள். காசு அனுப்புகிற பிள்ளைகளையும், வங்கிக்கு ஓடுகிற பிள்ளைகளையும், ஈமெயில் பார்க்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு வையுங்கள், பகலில் வைத்தால் அவர்களைக் கடையிலிருந்து விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒருத்தி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13